கண் வாங்கிய காரும் கருத்து வாங்கிய காரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் கற்றுத் துறைபோகிய பெருமக்கள் பலர் இம்மேடையில் வீற்றிருக்க, பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு புரட்டிக் காலங்கழிக்கும் என்னையும் ஒரு பேச்சாளனாக்கி நிறுத்தியிருக்கிறார் நம் செயலாளர். சென்ற சில ஆண்டுகளில் நம் காலனியில் பழைய கார் வாங்குவோர் தொகை பெருகிவிட்டது. வாங்கும் முன் என்னிடம் வந்து கேட்போர் சிலர். வாங்கிய பின் வந்து வருந்துவோர் பலர். ஆகவே, “ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை மேடையில் ஒரே முறை சொல்லிவிடுங்கள்” என்பது செயலாளரின் கட்டளை.

“தண்டவாளத்தின் உப்பைத் தின்றவன் தார்ச்சாலையின் புகழ் பாடலாமா?” என்று நண்பர் ஒருவர் வாயிலில் நின்று நகையாடினார். அவருக்கு நான் கூறும் மறுமொழி இதுதான். ஒலவக்கோட்டிலிருந்து சென்னைக்கோ மதுரைக்கோ போவதென்றால் நான் ரயிலைத்தான் நாடுவேன். ஆனால் என் தங்கை வாழ்க்கைப்பட்டது மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில். அம்மலைப் பகுதியிலும் ஒரு காலத்தில் ரயில் ஓடியது; குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று அதற்குப் பெயர். கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924இல், பெருகி வந்த வெள்ளம் அந்தப் பாதையை அடியோடு அழித்தது. பின்னர் அது மீளவேயில்லை. 2023இல் போடிநாயக்கனூர் வரை ரயில் மீண்டும் வந்திருக்கிறது; அதற்கப்பால் மலைமேல் ஏறச் சாலையன்றி வேறு வழியில்லை. நம்மில் பலருக்கு மறையூரிலும், தேவிகுளத்திலும், குமுளியிலும் உற்றார் இருக்கின்றனர். பொங்கலுக்கும் பூப்பு நீராட்டுக்கும் மலையேறத்தான் வேண்டும். ஆகவே என் பேச்சில் ரயில் துரோகம் ஏதுமில்லை என்று கூறி மேற்செல்கிறேன்.

இன்று நான் பேசப்போவது எல்லாக் கார்களையும் பற்றியன்று. வீட்டார் ஐவரையும் அமர்த்தி, பின்னே பெட்டி படுக்கைகளையும் அடுக்கி, ஓட்டுபவனுக்கும் உள்ளக் கிளர்ச்சி தரவல்ல நான்கு கதவுக் கார்களைப் பற்றி. ஆங்கிலத்தில் ‘ஸ்போர்ட்ஸ் செடான்’ என்பர். நம் கொங்கு நாட்டாருக்கு இதை விளக்க அரை நிமிடம் போதும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் ரேக்ளாப் பந்தயம் பார்த்தவர்கள் இங்கே பலர் உண்டு. பார வண்டியை இழுக்கும் மாடு வேறு. ரேக்ளாவில் பறக்கும் காளை வேறு. வார நாளில் வைக்கோல் ஏற்றும் வண்டியே, விழா நாளில் ரேக்ளாவைப் போலத் துள்ளி ஓடினால் எப்படியிருக்கும்? அதுதான் ஸ்போர்ட்ஸ் செடான். இத்தாலி நாட்டில் 1950இல் ஆல்ஃபா ரோமியோ நிறுவனம் 1900 என்னும் குடும்பக் காரை வெளியிட்டபோதே இவ்வெண்ணம் உருப்பெற்றுவிட்டது. நம் நாட்டில் மாருதி எஸ்டீம் பந்தயத் தடங்களில் ஓடிப் பெயர் பெற்றது. மறைமலை நகரில் பிறந்த ஃபோர்டு ஐகான் 1999இல் வந்து இளைஞர் நெஞ்சைக் கவர்ந்தது. 2004இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 150 குதிரைத் திறனோடு வந்தது. அண்டையிலுள்ள கோயம்புத்தூரோ பந்தயக் கார்களுக்குத் தாய்வீடு போன்றது. கரிவரதன் பெயரால் அங்கே ஒரு பந்தயத் தடமே இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அவ்வூர்க்காரர். ஆகவே வாளையாற்றைத் தாண்டினால் காற்றிலேயே பெட்ரோல் மணம் வீசுகிறது என்றால், நம் வாலிபர்கள் மயங்குவதில் வியப்பென்ன?

நானும் மயங்கினேன். வாலிபம் கழிந்த பின் மயங்கினேன். அந்தக் கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் நான் சொல்லப்போகும் நெறிகளெல்லாம் அந்த மயக்கத்திற்கு நான் கொடுத்த விலையால் வாங்கியவையே.

2019ஆம் ஆண்டு தைத் திங்களில் ஒரு வணிகரிடம் கார் ஒன்றைக் கண்டேன். வணிகரின் பெயரும் ஊரும் ஈண்டு வேண்டா. பெரிய கார், டர்போ எஞ்சின், தானே கியர் மாற்றிக்கொள்ளும் அமைப்பு, பளபளக்கும் கருநிறம். கதவைத் திறந்ததும் சந்தன மணம் கமழ்ந்தது. விலை மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். புதிதாக வாங்கியவர் இதைப் போல் ஐந்து மடங்கு கொடுத்திருப்பார் என்றார் வணிகர். என் சேமிப்பு முழுவதும் இரண்டரை லட்சமே. எஞ்சியதற்கு என் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. “காகிதமெல்லாம் சரியா?” என்று மட்டும் கேட்டாள். “எல்லாம் சரி” என்றேன். நான் பார்த்ததெல்லாம் பதிவுச் சான்றையும் காப்பீட்டையும்தான், அவற்றையும் மேலோட்டமாகத்தான்.

மே மாத விடுமுறையில் அன்னையையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மூணாறு சென்றோம். போகும்போது இன்பமாகப் போனது. திரும்பும்போது, மறையூரைக் கடந்து சின்னாறு நோக்கி இறங்குகையில், அந்தி மயங்கும் வேளையில், முன்பலகை விளக்குகளெல்லாம் ஒரே கணத்தில் எரிந்து அணைந்தன. எஞ்சின் நின்றது. முகப்பு விளக்கும் போயிற்று. இறக்கத்தில் எஞ்சின் நின்றால் நேர்வது என்ன என்பதை அன்றுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஸ்டியரிங்குக்கு உதவும் விசை போய்விடும். அது கல்லாய்க் கனக்கும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடமோ ஓரிரு மிதிக்குத்தான் இருக்கும். பிறகு முழு உடலையும் அழுத்தி மிதித்தாலொழிய வண்டி நில்லாது. தானியங்கிக் கியராதலால் எஞ்சினைக் கொண்டு வேகத்தைத் தடுக்கவும் இயலவில்லை. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம். கைப்பிரேக்கையும் இழுத்து, பாறைப் பக்கமாக உரசவிட்டு நிறுத்தினேன்.

அது யானைகள் சாலையைக் கடக்கும் சரணாலயக் காடு. ஒன்பதாறு சோதனைச் சாவடி இன்னும் தொலைவில். கைப்பேசியில் தொடர்பு கிட்டவில்லை. பின்னிருக்கையில் என் இளைய மகள் அழத் தொடங்கினாள். எழுபது கடந்த என் அன்னை அவள் வாயைத் தம் முந்தானையால் மூடி, “சத்தம் போடாதே கண்ணு” என்று மெல்லச் சொன்னார். அந்தக் குரலின் நடுக்கத்தை நான் இன்றும் கேட்கிறேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவ்வாறு இருந்தோம். பின்னர் மறையூர் வெல்லம் ஏற்றி உடுமலைக்குப் போகும் சிறு லாரி ஒன்று வந்தது. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்து, “ஏனுங்கம்மா, பயந்துட்டீங்களா? ஏறுங்க, எங்கூட வந்துருங்க” என்று அன்னையைக் கைத்தாங்கலாக ஏற்றினார். வெல்ல மூட்டைகளின் நடுவே அமர்ந்து நாங்கள் மலையிறங்கினோம்.

காரைக் கட்டியிழுத்துக் கொண்டுவந்து, ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற தொழில்நுட்பப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் எஞ்சினைத் திறக்கவேயில்லை. முன்னிருக்கையின் கீழ்த் தண்டவாளத்தைக் கைவிளக்கால் பார்த்தார். இருக்கை வாரை இறுதிவரை இழுத்துப் பார்த்தார். தரைக் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, “தம்பி, இது தண்ணி குடிச்ச வண்டி” என்றார். வாரின் அடிப்பகுதியில் பழுப்பு நிறக் கறை வரிசையிட்டு நின்றது. கம்பளத்தின் கீழே மண்டல் மாவாய்ப் படிந்திருந்தது. 2018 ஆகஸ்டு மாத வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. இடுக்கி அணையின் செறுதோணி மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்ட அந்த நாட்களில், கேரளம் எங்கும் எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. 2015 டிசம்பரில் சென்னையிலும் அவ்வாறே. மூழ்கிய காரை உலர்த்தி, கழுவி, நறுமணம் தெளித்து விற்றுவிடலாம். ஆனால் கம்பிகளின் இணைப்புகளில் புகுந்த ஈரம் பச்சைக் களிம்பாகி, மாதங்கள் கழித்து ஒருநாள் தன் வேலையைக் காட்டும். நான் பெருமையோடு முகர்ந்த சந்தன மணம் சேற்று நாற்றத்தை மறைக்கப் பூசிய மணம் என்பது அன்றுதான் விளங்கிற்று.

இனி அதை என் செய்வது? தரகர் ஒருவர் வந்தார். “வாயைத் திறக்காமலிருங்கள், இரண்டரை லட்சத்துக்கு ஆள் கொண்டுவருகிறேன்” என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் மனம் அசைந்தது. வளையல்கள் அடகிலே இருந்தன. மகனின் கல்லூரிக் கட்டணம் வாயிலில் நின்றது. அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே, “நம்ம அத்தை அந்தக் காட்டுல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. அடுத்து யாரு வீட்டு அத்தைங்க உக்காரணும்?” என்றாள். அவ்வளவுதான். வண்டியை உதிரி உறுப்புகளுக்காகப் பிரித்து விற்போரிடம், வெள்ளத்தில் மூழ்கியது என்று கைப்பட எழுதிக் கொடுத்து, தொண்ணூறாயிரத்துக்கு விற்றேன். வளையல்களை மீட்க இரண்டாண்டுகள் ஆயின.

அந்த இரண்டாண்டுகளும் நான் காரில்லாமல் கற்ற பாடம் பெரிது. என் தந்தையின் தந்தை மாடு வாங்க வாணியங்குளம் சந்தைக்குப் போவார். ஒரு சோடி மாட்டுக்கு மூன்று சந்தை நடப்பார் என்று தந்தையார் சொல்வதுண்டு. சுழி பார்ப்பார், பல்லைப் பிடித்து வயது காண்பார், குளம்பைத் தூக்குவார், நுகத்தில் பூட்டி நடக்கவிடுவார், விற்கிறவன் முகத்தையும் பார்ப்பார். அதன் பிறகே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தது ஆளைத் தேர்வதற்காக. ஆனால் அந்த அறிவு வண்டிக்கும் பொருந்தும். மாட்டுக்கு மூன்று சந்தை நடந்தவரின் பேரன் காருக்கு அரை மணி நேரம் செலவிட்டேன் என்றால், யார் மீது குறை சொல்வது?

அன்பர்களே, அனுபவத்தால் நான் கண்ட நெறிகளைச் சுருங்கக் கூறுகிறேன்.

முதலாவது, பணத்தைப் பங்கிடுவது. கையில் நான்கு லட்சம் இருந்தால் மூன்று லட்சத்துக்குக் கார் பாருங்கள். நான்கில் ஒரு பங்கை வாங்கிய பின் செலவழிக்க ஒதுக்குங்கள். பத்து வயதான காருக்கு டயர், பேட்டரி, பிரேக் பட்டைகள், சஸ்பென்ஷன் ரப்பர்கள் ஆகியவை ஏறத்தாழ ஒரே காலத்தில் தேய்ந்து நிற்கும். இவற்றைப் புதுக்காமல் ஓட்டினால், எவ்வளவு புகழ் பெற்ற காராயினும் கட்டை வண்டியாகவே ஓடும். ரயில் பெட்டியின் பக்கத்தில், பணிமனையில் முழுப் பராமரிப்பு நடந்த தேதியும், மீண்டும் வர வேண்டிய தேதியும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு அழகிய பெட்டியாயினும் அந்த நாள் வந்ததும் பணிமனைக்குப் போயாக வேண்டும். நம் காருக்கும் அப்படியொரு முறை வேண்டும்.

இரண்டாவது, எது இன்பம் என்பதில் தெளிவு. குதிரைத் திறன் மிகுதியே இன்பம் என்று எண்ணுவோர் உளர். ஒலவக்கோட்டிலிருந்து வாளையாறு வரை நேர்சாலையில் பாலக்காட்டுக் கணவாயின் காற்றோடு போட்டியிட்டு ஓடுவதில் என்ன இன்பம்? அங்கே வேகத்தைப் படம் பிடிக்கக் கருவிகளும் காத்திருக்கின்றன. மலைச்சாலை வளைவில்தான் காரின் குணம் தெரியும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரம் தயங்காமல் திரும்புகிறதா, உடல் படகுபோல் சாயாமல் நிற்கிறதா, இரண்டாம் கியரில் மிதித்தால் எஞ்சின் தாமதமின்றி எழுகிறதா, இறக்கத்தில் மிதிக்கும்போதெல்லாம் பிரேக் ஒரே உறுதியோடு பிடிக்கிறதா என்பவையே வினாக்கள். இவற்றுக்கு நூறு, நூற்றிருபது குதிரைத் திறனும், கனமில்லாத உடலும் போதும்.

இவ்வகையில் நம் கைக்கு எட்டும் சில கார்களைச் சொல்கிறேன். ஃபோர்டு ஃபியஸ்ட்டா 1.6 பெட்ரோல், அதிலும் எஸ் என்னும் வகை, வளைவுகளில் ஓட்டுபவனின் கையோடு பேசும். ஆனால் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்துவிட்டது. எனவே உதிரி உறுப்புகள் கோவையில் எங்கே கிடைக்கும் என்பதை விசாரித்த பிறகே வாங்குங்கள். மாருதி எஸ்.எக்ஸ்.4 தரையிலிருந்து உயர்ந்து நிற்பது; தோட்டச் சாலைகளுக்கு ஏற்றது. 105 குதிரைத் திறனுள்ள ஃபோக்ஸ்வாகன் வென்டோ 1.6 கையால் கியர் மாற்றும் வகை உறுதியான உடலுடையது. அதே குழுமத்தின் ஏழு கியர் தானியங்கி அமைப்பைக் குறைந்த பணத்தில் பழையதாக வாங்குவோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவ்வமைப்பிலுள்ள குறை காரணமாக 2013இல் சீனாவில் மட்டும் 3,80,000க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய நேர்ந்தது. ஹூண்டாய் வெர்னாவின் 1.6 டீசல் 128 குதிரைத் திறனோடு ஏற்றத்தில் பறக்கும். வளைவில் அவ்வளவு உறுதியில்லை. 2008இல் வெளிவந்த ஹோண்டா சிட்டி 118 குதிரைத் திறனும், வாருக்குப் பதிலாகச் சங்கிலி பூட்டிய, உழைத்துச் சளைக்காத எஞ்சினும் உடையது. உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட தகாட்டா காற்றுப் பைகள் இதிலும் இருந்தன. அவை மாற்றப்பட்டனவா என்பதை நிறுவனத்திடம் காரின் எண்ணைக் கொடுத்துக் கேட்டறிய வேண்டும்.

மற்றொன்றையும் மறவாதீர்கள். 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. பழைய கார்கள் அதற்கென அமைக்கப்பட்டவையல்ல. எனவே எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களைப் பார்த்து, வெடித்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

மூன்றாவது, பல் பிடித்துப் பார்ப்பது. காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை நெடுநேரம் நிற்காமல் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்தால், அந்நீர் எஞ்சினுள் கசிகிறது. டயரின் பக்கத்தில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர். இருபதாயிரம் கிலோமீட்டரே ஓடியது என்று மீட்டர் சொல்ல, கால் மிதியின் ரப்பர் வழுவழுப்பாய்த் தேய்ந்திருந்தால், ரப்பரை நம்புங்கள், மீட்டரை நம்பாதீர்கள். கதவு, முன்மூடி ஆகியவற்றின் இடைவெளிகள் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா, திருகாணிகளின் தலையில் சாவி பட்ட வடு உண்டா என்று பாருங்கள். வெள்ளத்தின் அடையாளங்களை என் கதையிலேயே சொல்லிவிட்டேன். முகப்பு விளக்கின் கண்ணாடிக்குள் நீர்ப்பனியையும் ஃப்யூஸ் பெட்டியில் மண்ணையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டிப் பார்ப்பதையும் காலனியைச் சுற்றி ஒரு வலம் வந்து முடித்துவிடாதீர்கள். பெட்ரோலுக்கு நீங்களே பணம் கொடுத்து, போத்துண்டியைக் கடந்து நெல்லியாம்பதி ஏற்றத்தில் நான்கைந்து வளைவு ஏறி இறங்குங்கள். ஏறும்போது வெப்பமானி நடுவிலேயே நிற்க வேண்டும். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குவது நல்ல ஓட்டுநரின் வழக்கம். அப்போதும் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கலாகாது.

நான்காவது, காகிதம். நான் எழுத்தன், இது என் துறை. காப்பீட்டுத் தாளில் ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்ற வரியைப் படியுங்கள். ஓராண்டு இழப்பீடு கேட்காதவருக்கு 20 விழுக்காடு. தொடர்ந்து ஐந்தாண்டு கேட்காதவருக்கு 50 விழுக்காடு. “ஒரு கீறல்கூடப் பட்டதில்லை” என்று உரிமையாளர் சொல்ல, அந்த வரியில் சுழியம் இருந்தால், எங்கே பட்டது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடனில் வாங்கிய காராயின் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35 வேண்டும். உரிமை மாற்றத்துக்கு விற்பவர் தருவது படிவம் 29. சேர்ந்து கையொப்பமிடுவது படிவம் 30. கோவையில் வாங்கி இங்கே கொண்டுவந்தால் தடையின்மைச் சான்றுக்குப் படிவம் 28. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருப்பதாயின் இம்மாநிலப் பதிவெண் பெற்றாக வேண்டும். அதற்குரிய வரியை முன்னரே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அதையும் காரின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். கோவையில் மலிவாகத் தோன்றும் கார் கே.எல். 09 ஆகும்போது மலிவாக இராது.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தைத் தரகரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கார் பல கை மாறினாலும், பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், விபத்துக்கு அவரே இழப்பீடு தர வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெயர் மாறியதைப் பார்த்த பிறகே உறங்குங்கள்.

ஐந்தாவதும் முடிவானதும், ஆளைப் பார்ப்பது. 2022இல் நான் இரண்டாம் முறை கார் தேடியபோது பதினோரு கார்களைப் பார்த்துப் பத்தை விலக்கினேன். பதினொன்றாவது, கோவையில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருடைய 2012ஆம் ஆண்டுச் சிட்டி. நிறம் மங்கியது, பின் பம்பரில் ஒரு கீறல். அவர் காரைக் காட்டுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். வாங்கிய நாள் முதல் மாற்றிய ஆயில், டயர், பேட்டரி, காற்றுப் பை, எல்லாவற்றுக்கும் தேதியும், கிலோமீட்டரும், ரசீதும். நான் ஒன்றும் கேளாமலே, “ஏ.சி. நண்பகலில் கொஞ்சம் சோர்கிறது, வேகத்தடையில் அடிவயிறு உரசும், பார்த்து ஓட்டுங்கள்” என்றார். குறையைத் தாமே சொல்பவரிடம் வாங்கிய பொருள் கெடாது என்று அன்றே தெளிந்தேன். விலை இரண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் எழுபதாயிரம் செலவிட்டு டயரும், பிரேக்கும், சஸ்பென்ஷனும் புதுக்கினேன். இம்முறை வளையல்கள் கையிலேயே இருந்தன.

சென்ற ஆண்டு அன்னையை அதே சாலையில் அழைத்துச் சென்றேன். முதலில் மறுத்தார். பேத்தியைக் காணும் ஆசையால் இசைந்தார். உடுமலையைத் தாண்டியதும் முந்தானையைக் கையில் இறுகப் பற்றிக்கொண்டார். அமராவதியைக் கடந்து காட்டுக்குள் நுழைந்தோம். ஒவ்வொரு வளைவிலும் கார் என் கைக்கு இணங்கித் திரும்பிற்று; இரண்டாம் கியரில் எஞ்சின் பாடிக்கொண்டே ஏறிற்று. நாற்பதைக் கடந்த நான் பள்ளிச் சிறுவனைப் போல் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. நாங்கள் நின்றுபோன அந்தப் பாறை வந்தது. கண்ணாடியில் பின்னே பார்த்தேன். அன்னை வாய் சற்றே திறந்திருக்க நன்றாக உறங்கிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் கியரை மாற்றி ஏறினேன்.

காலனித் தோழர்களே, அந்த நோட்டுப் புத்தகத்தை நான் தொடர்ந்து எழுதி வருகிறேன். ஒருநாள் இக்காரை வேறொருவருக்கு விற்க நேரும். அன்று புத்தகத்தையும், குறைகளையும் சேர்த்தே கொடுப்பேன். நீங்களும் இன்றே ஒரு நோட்டு வாங்கித் தொடங்குங்கள். கார் பார்க்கப் போகும்போது என்னையும் அழையுங்கள், கைவிளக்கோடு வருகிறேன்.